சனிக்கிழமைச் சிவப்பு

நான் ஓய்வு பெற்ற அன்று ஒரு சால்வை போர்த்தி, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து, கையோடு ஒரு வேலையும் கொடுத்தார்கள். “அக்கா, புதுசா சேர்றவங்களுக்கு உங்க அனுபவத்த நாலு பக்கம் எழுதிக் குடுத்துட்டுப் போங்க.” ஓய்வு என்றால் என்னவென்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. சரி, எழுதுகிறேன். கருவி எப்படி இயங்குகிறது, எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதை நம் என்ஜினியர் பிரசன்னா சொல்லிக் கொடுப்பார். கேட்பவர்கள் தூங்கிவிடும் அளவுக்கு விரிவாகச் சொல்லிக் கொடுப்பார். கருவி ஒன்று சொல்லி, ஆள் வேறொன்று சொல்லி, நடுவில் நாம் உட்கார்ந்து திருதிருவென்று விழிக்கும் நேரம் ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் நான் எழுதப்போகிறேன்.

இங்கே வருமுன் பல வருடம் தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் மூளை அலைப் பரிசோதனை எடுத்துக்கொண்டிருந்தேன். வலிப்பு வந்தவர்களின் தலையில் வயர் ஒட்டி, உள்ளே ஓடுவதைக் கோடுகளாகப் பதிவு செய்கிற வேலை. அந்த வேலையில் நான் அதிகம் சொன்ன வாக்கியம், “தலைக்கு எண்ணெய் வைக்காம வாங்க.” யாரும் கேட்டதில்லை. டாக்டரைப் பார்க்கப் போகிறபோது பரட்டைத் தலையோடு போவதா என்று நன்றாகத் தடவிப் படிய வாரிக்கொண்டு வருவார்கள். கேட்டால், “வைக்கலீங்க, லேசா தொட்டுக்கிட்டேன்” என்பார்கள். தொட்டது என் விரலில் வழியும். எண்ணெய் இருந்தால் வயர் தோலோடு ஒட்டாது, கோடு கெட்டு, சோம்பலாக வளையும். ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்புவேன். திட்டிக்கொண்டேதான் போவார்கள்.

நம் வேலை வேறு. நம்மிடம் இருப்பவர்கள் நோயாளிகள் இல்லை. அறுவடை மெஷின் ஓட்டுகிறவர்கள், அரிசி மில்லில் பாய்லர் பார்க்கிறவர்கள், நெல் லாரி ஓட்டுகிறவர்கள். அவர்கள் போடுகிற தொப்பியின் உள்பட்டையில் மூளை அலையைப் பிடிக்கும் சின்னத் தகடுகள் இருக்கின்றன. எதிரே ஒரு கேமரா இமைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஆள் விழிப்பாக இருந்தால் நம் திரையில் பச்சை, அசந்தால் மஞ்சள், உறக்கத்துக்குள் காலை வைத்துவிட்டால் சிவப்பு. சிவப்பு வந்தால் நம் கண்காணிப்பு மேசையில் இருப்பவர் போன் செய்து பேச வேண்டும், தேவைப்பட்டால் நிறுத்தச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்தத் ‘தேவைப்பட்டால்’ என்ற சொல்லுக்குத்தான் நமக்குச் சம்பளம்.

ஆரம்பத்தில் ஒரு லாரி டிரைவர் எங்களை ஆட்டி வைத்தார். கும்பகோணத்திலிருந்து குடவாசல் வழியாக நெல் ஏற்றிப் போகிறவர். வண்டி கிளம்பியதும் கண் மூடுகிறது, திறக்கிறது. கொஞ்ச தூரத்தில் மறுபடி மூடுகிறது. மேசையில் இருந்த பெண் பதறிப்போய் போன் மேல் போன் போட்டாள். “அண்ணே, தூங்காதீங்கண்ணே!” அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “யாரும்மா தூங்குறா? கோயில் வருது, கண்ண மூடி ஒரு கும்புடு போடுறேன். அது குத்தமா?” நம் ஊர்ச் சாலையில் கோயிலுக்கா பஞ்சம்? கண்ணைத் திறந்துகொண்டே கும்பிடுங்கள், சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது என்று அவரைச் சமாதானப்படுத்தினேன். ஒரு வாரத்தில் அவர் பச்சைக்கு வந்துவிட்டார்.

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தச் சிரிப்பு எங்களைக் கொஞ்சம் கெடுத்தும் விட்டது. அதற்குப் பிறகு எங்கே சிவப்பு வந்தாலும், இதுவும் ஏதோ ஊர்ப் பழக்கமாக இருக்கும், கருவிக்கு என்ன தெரியும் என்று சொல்ல ஆரம்பித்தோம். அப்போதுதான் வீரையன் விஷயம் வந்தது.

வீரையன் குடவாசல் பக்கத்து ஆள். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கதிர் அறுத்தவர்கள். அவர் அதே வயல்களில் மெஷினோடு இறங்குகிறார். முதலில் மெஷினுக்கு எடுபிடி, பிறகு நெல் அள்ளும் டிப்பர் டிராக்டர், அதற்குப் பிறகு பல போகம் காத்திருந்துதான் அந்த இருக்கை அவருக்குக் கிடைத்தது. வரப்பைச் சிதைக்காமல் மெஷினைத் திருப்புவார். அதனால், வீரையன் வருவதாக இருந்தால் மெஷினை அனுப்புங்கள் என்று கேட்டு வாங்கும் விவசாயிகள் உண்டு. மெஷின்களின் முதலாளி நம் கருவியைப் பொருத்தியபோது கூடவே ஒரு விதியும் போட்டிருந்தார். ஒரே போகத்தில் மூன்று சிவப்பு வந்தால் ஆளை மெஷினிலிருந்து இறக்கிவிடுவது. வீரையனுக்கு இரண்டு வந்துவிட்டது. இரண்டும் சனிக்கிழமை மத்தியானம்.

அவர் நம் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

“நான் தூங்கல மேடம். ரெண்டு தடவையும் நீங்க போன் அடிச்ச உடனே எடுத்தேனா இல்லையா?”

எடுத்தார். அது எங்கள் பதிவிலேயே இருக்கிறது.

“எங்க வீட்டுப் புள்ளைங்க ஸ்கூல்ல எங்கப்பா மெஷின் ஓட்டுறாருன்னு சொல்லிட்டுத் திரியுதுங்க. என்னைய மறுபடி டிப்பர்ல ஏத்திடாதீங்க மேடம். ஊருல தல காட்ட முடியாது.”

சனிக்கிழமை மட்டும் ஏன் என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. “சனிக்கெழம எண்ணெ தேச்சுக் குளிப்பேன். இஞ்சின் சூட்டுல உக்காந்து ஓட்டுறோம், உடம்பு காந்துது. குளிக்காம முடியாதுங்க.” சம்பா அறுவடைக் காலத்தில் கதிர்மேல் பனி காய்கிற வரை மெஷின் இறங்காது. காலையில் வேலை இல்லாத அந்த நேரத்தில் நல்லெண்ணெய் தேய்த்து ஊறி, வெந்நீரில் குளித்துவிட்டுத்தான் சனிக்கிழமைகளில் டிரைவர்கள் வருவார்கள்.

பிரசன்னா துள்ளி எழுந்தார். “அக்கா, எண்ணெ! நீங்கதான எப்பப் பாத்தாலும் சொல்லுவீங்க?” எண்ணெயால் கெட்டுப்போன கோடும் உறக்கக் கோடும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் சோம்பலாக வளையும். ஆகவே எண்ணெய் தேய்த்தவர்களின் சனிக்கிழமை அலைகளைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடலாம் என்றார். எல்லோரையும்விட எனக்குத்தான் சந்தோஷம். எண்ணெய்த் தலைகளோடு காலம் தள்ளியவளை விட இதைச் சொல்லத் தகுதியானவர் யார்? வீரையன் முகத்திலும் வெளிச்சம் வந்துவிட்டது.

ஒன்றே ஒன்று இடித்தது. அந்த இரண்டு சனிக்கிழமையும் இமைகளும் மெதுவாகத்தான் இறங்கி ஏறியிருந்தன. எண்ணெய் தொப்பியைக் கெடுக்கும், கேமராவை என்ன செய்யும்? கேட்டேன். பிரசன்னாவிடம் அதற்கும் பதில் இருந்தது. “சீயக்கா கண்ணுல பட்டிருக்கும்க்கா. எங்கப்பாவுக்குச் சனிக்கெழம பூரா கண்ணு செவந்துதான் இருக்கும்.” அதுவும் நியாயம்தான். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் தயாராக இருந்ததுதான் எனக்கு உறுத்தியது. வீரையனை விட்டுவிட எல்லோருக்கும் ஆசை. எனக்கும் ஆசை. ஆசை இருக்கிற இடத்தில் பதில் தானாக வந்து நிற்கும்.

வரும் சனிக்கிழமை நானே வயலுக்கு வருகிறேன், வழக்கம்போல எண்ணெய்க் குளியல் போட்டுவிட்டு வாருங்கள், தலையை நானே கழுவிவிடுகிறேன், எண்ணெய் இல்லாத கோட்டைப் பார்த்துவிடலாம் என்றேன். வீரையன் சிரித்தார். “கழுவுங்க மேடம். நல்லா கழுவுங்க. உண்மை வெளிய வரட்டும்.”

அந்த வயல் கலியமூர்த்தி என்ற விவசாயியுடையது. முற்றிய சம்பாக் கதிர், அறுத்தே ஆக வேண்டிய பதம். நாங்கள் போனபோது மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. சாம்பார், பொரியல், அப்பளம் என்று டிரைவருக்கு வயிறு நிறையப் போட்டிருந்தார்கள். கிழக்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது. கலியமூர்த்தி அண்ணாந்து அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்க நின்றார். மெஷின் திரும்புவதற்காக வயலின் மூலைகளை ஆள் வைத்து முன்கூட்டியே அறுத்து விடுவார்கள் அல்லவா, அந்த வேலையில் அவருடைய மனைவி சரோஜாவும் இன்னும் இரண்டு பெண்களும் அரிவாளோடு குனிந்திருந்தார்கள்.

மோட்டார் கொட்டகையில் வீரையனை உட்கார வைத்து ஷாம்பு பாக்கெட்டுகளைக் கிழித்து என் கையாலேயே தேய்த்தேன். நுரை வரவே நேரமானது. அவ்வளவு எண்ணெய். “மேடம், கண்ணு எரியுது” என்றார். “பரவால்ல, தஞ்சாவூர்ல எண்ணெயோட வந்தவங்களுக்கெல்லாம் சேத்து எரியட்டும்” என்றேன். துவட்டி, தொப்பியை மாட்டி, மடிக்கணினியை, நெல் அள்ள வந்து நின்ற டிப்பர் டிராக்டரின் மட்கார்டுமேல் வைத்துக்கொண்டேன். கோடு சுத்தமாக, பொடிப்பொடியாக ஓடியது. மருத்துவமனையில்கூட அப்படி ஒரு கோட்டை நான் அடிக்கடி பார்த்ததில்லை.

மெஷின் இறங்கியது. முதல் சுற்று பச்சை. அடுத்த சுற்றும் பச்சை. வீரையன் மேலிருந்து கையை ஆட்டினார். பிரசன்னா, “முடிஞ்சுதுக்கா, எண்ணெதான்” என்றார். தலையில் தண்ணீர் ஊற்றிய வேகம் இன்னும் இருக்கும், பொறு என்றேன்.

வெயில் மேகத்துக்குள் போய், காற்று நின்று, புழுக்கம் இறங்கியது. இஞ்சின் ஒரே சீராக உறுமியது. திரையில் கோடு அகன்றது. பொடிப்பொடியாக ஓடியது நீண்டு, தளர்ந்து, வளைந்து வளைந்து போனது. மஞ்சள். பிறகு சிவப்பு. எண்ணெய் இல்லை, தொப்பி சரியாக இருந்தது, தகடுகள் தோலோடு ஒட்டியிருந்தன. கேமராவில் அவர் கண்கள் திறந்தே இருந்தன. நேராகத்தான் பார்த்தன. ஆனால் இமை ஒவ்வொரு முறையும் இறங்கிவிட்டு ஏற யோசித்தது.

போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். “சொல்லுங்க மேடம். நல்லாத்தான் இருக்கேன்.” அவர் பேசும்போது கோடு சுறுசுறுப்பாகிப் பச்சை வந்தது. போனை வைத்த கொஞ்ச நேரத்தில் மறுபடி தளர்ந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. மணி அடித்ததும் அவர் விழிக்கிறார். விழித்ததால், தூங்கவில்லை என்கிறார். அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

அந்த நிமிடத்தை நன்றாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கும் அது வரும். மெஷின் கோணாமல் போய்க்கொண்டிருந்தது. ஒரு வரப்பும் சிதையவில்லை. மேகம் கறுத்து நெருங்கியது, பாதி வயல் நின்றது. நிறுத்தினால் கலியமூர்த்தியின் நெல் நனையும், வீரையனுக்கு மூன்றாவது சிவப்பு, அவர் ஆயுசுக்கும் காத்திருந்து பிடித்த இருக்கை போகும். நிறுத்தாவிட்டால்? அநேகமாக ஒன்றும் நடந்திருக்காது. இதைத்தான் நீங்கள் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. அதனால்தான் நிறுத்துவது இவ்வளவு கஷ்டம். நான் கையைப் பிசைந்துகொண்டு வயலைப் பார்த்தேன். மெஷின் போகிற திசையில், மூலையில், சரோஜா முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார். வருவது வீரையன் என்பதால் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுபடி போன் செய்தேன். “நிறுத்துங்க வீரையன். ஆஃப் பண்ணிட்டு எறங்கி வாங்க.”

கலியமூர்த்தி வரப்பில் ஓடி வந்தார். “என்னம்மா வெளயாடுறீங்களா? மழ வந்து கதிரு படுத்துச்சுன்னா நீங்க வந்து பொறுக்கிக் குடுப்பீங்களா?” அவர் கேட்டதில் தப்பே இல்லை. வீரையன் இறங்கி மெதுவாக நடந்து வந்தார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“உங்கள நம்பித்தான மேடம் தலையக் குடுத்தேன்?”

அவரைக் காப்பாற்றத்தான் வந்தேன். வந்து என் கையாலேயே மாட்டிவிட்டேன். வேலையைப் பேசுவதுதான் எனக்குத் தெரிந்தது.

“கொஞ்ச நேரம் படுங்க வீரையன்.”

“எனக்குத் தூக்கம் வரல.”

“வரலன்னா சும்மா உக்காருங்க. பத்து நிமிஷம். அதுக்குள்ள தூங்கலன்னா ஏறி ஓட்டுங்க. இந்தச் செவப்ப அழிச்சிட்டு நான் பஸ் ஏறிடுறேன்.”

அழித்திருப்பீர்களா என்று பிரசன்னா இன்றைக்கும் கேட்கிறார். நான் பேச்சை மாற்றிவிடுவேன். வீரையன் டிப்பர் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். கலியமூர்த்தி செல்போனில் நேரத்தைப் பார்த்தபடி என்னையும், என் கம்பெனியையும், தொப்பி கண்டுபிடித்தவனையும் வரிசையாகத் திட்டினார். அந்த வரிசை முடிவதற்குள் வீரையனின் தலை தோளில் விழுந்துவிட்டது. வாய் திறந்திருந்தது. குறட்டை வந்தது.

கலியமூர்த்தி திட்டுவதை நிறுத்தினார். வீரையனைப் பார்த்தார். நின்றுகொண்டிருந்த மெஷினைப் பார்த்தார். பிறகு, சரோஜா உட்கார்ந்திருந்த மூலையைப் பார்த்தார். “சரோஜா, அங்க உக்காராத. எந்திரிச்சு இங்க வா” என்றார். இஞ்சின் அணைந்து, ஆள் இல்லாமல் நிற்கிற மெஷின் அது. அதற்கு முன்னால்கூட மனைவி இருக்கக் கூடாது என்று கூப்பிட்டார். சரோஜா வந்ததும், டிராக்டரில் ஓடிக்கொண்டிருந்த பாட்டைப் போய் அணைத்தார்.

மேகம் கடல் பக்கம் போய்விட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். போகவில்லை. தூறல் விழுந்தது. அன்று அதற்குமேல் மெஷின் இறங்க முடியவில்லை. மீதி வயல் காய்ந்து அறுக்க அடுத்த வாரமாகிவிட்டது, நெல்லில் ஈரம் கூடுதல் என்று கொள்முதல் நிலையத்தில் அவரை அலைய விட்டார்கள். என்னை எங்கே பார்த்தாலும் கலியமூர்த்தி அதைச் சொல்லிக் காட்டுவார். சொல்லிவிட்டு டீயும் வாங்கித் தருவார்.

தூறல் முகத்தில் பட்டு வீரையன் விழித்தார். எங்கே இருக்கிறோம் என்று புரிய அவருக்கு நேரமானது. எல்லோரையும் பார்த்தார். “தூங்கிட்டனா?” என்றார். மூலையில் பாதி அறுத்துக் கிடந்த தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்குத் தெரியவே இல்லையே மேடம்” என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது.

எண்ணெய் கோட்டைக் கெடுக்கும் என்பது உண்மை. எண்ணெய்க் குளியல் ஆளை அசத்தும் என்பதும் உண்மை. எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று பகலில் தூங்காதே என்று நம் எல்லோர் வீட்டிலும் அதட்டியிருக்கிறார்கள். தூக்கம் சொக்கும் என்று தெரிந்துதானே அதட்டினார்கள்? அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். முதல் உண்மை வசதியாக இருந்ததால் இரண்டாவதை யாரும் எடுக்கவில்லை.

முதலாளிக்கு நானே போன் செய்தேன். மறைக்காமல் சொன்னேன். “மூணாவது செவப்பு. விதின்னா விதிதானம்மா?” என்றார்.

“இறக்குங்க சார். ஒரு வாரத்துல மத்த டிரைவருங்க எல்லாம் கேமராவத் திருப்பிட்டுத் தொப்பிய எடுபிடி தலையில மாட்டிடுவாங்க. தெர பூரா பச்சையா இருக்கும். உங்களுக்கும் பாக்க நல்லாருக்கும்.”

“என்ன பண்ணச் சொல்றீங்க?” என்றார். எண்ணெய் தேய்க்கிற நாளில் தூங்கி எழுந்துதான் ஏற வேண்டும், அதுவரை மாற்றாள் ஓட்டட்டும் என்றேன். சிவப்பு வந்ததும் நிறுத்தினால் அது டிரைவர் கணக்கில் சேரக் கூடாது, நிறுத்த மறுத்தால்தான் சேர வேண்டும் என்றும் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே அந்தப் போகத்துக்கு மட்டும் என்று ஒத்துக்கொண்டார். இன்றுவரை அதுதான் நடக்கிறது. வீரையன் இருக்கையிலேயே இருந்தார். என்னோடு மட்டும் அந்தப் போகம் முழுக்கப் பேசவில்லை. போன் செய்தால், “ம்” என்பார், நிறுத்துவார், வைத்துவிடுவார். எனக்கு அது போதுமாக இருந்தது என்று சொன்னால் பொய். வருத்தமாகத்தான் இருந்தது.

அடுத்த சம்பா அறுவடையில், நான் ஓய்வு பெறக் கொஞ்ச நாளே இருந்தபோது, ஒரு காலை நேரம். மேசைப் போன் மணி அடித்தது. எனக்கு ஒரு கணம் என்ன சத்தம் என்றே தெரியவில்லை. அந்தப் போனிலிருந்து நாம்தான் வயலுக்குக் கூப்பிடுவோம், வயலிலிருந்து யாரும் நம்மைக் கூப்பிட்டதே இல்லை.

“மேடம், வீரையன் பேசுறேன். ராத்திரி சின்னப் பொண்ணுக்குக் காய்ச்சல், நான் கண்ண மூடல. மெஷின்ல ஏறித் தொப்பி போட்டு உக்காந்துட்டேன். இன்னும் ஸ்டார்ட் பண்ணல.”

“பொண்ணு எப்படி இருக்கு?”

“எறங்கிடுச்சுங்க. தூங்குது.”

“நீங்க எப்படி இருக்கீங்க?”

“நல்லாத்தான் இருக்கு மேடம். அதான் உங்களக் கேக்குறேன். பாத்துச் சொல்லுங்க, ஓட்டட்டுமா?”

பார்த்தேன். மஞ்சள். கொஞ்சம் படுத்து எழுந்து ஏறுங்கள் என்றேன். “சரிங்க மேடம்” என்று இறங்கிப் போய்விட்டார்.

அந்த நாற்காலியில் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள். அவர் இனியும் கூப்பிடுவார், அவரைப் பார்த்து மற்றவர்களும் கூப்பிட ஆரம்பித்திருக்கிறார்கள். மணி அடித்தால் உடனே எடுங்கள்.